மேட்டில் நின்றுபோன ஏர்கோன்

காலை ஒன்பது மணிக்குத் துப்பறிவாளர் பக்கிரிசாமி தன் அலுவலகத் தரையில் மல்லாந்து கிடந்தார். யாரும் அடித்துப் போடவில்லை. இடுப்பு. இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் மூட்டை சுமந்ததற்கு அவருக்குக் கிடைத்த பென்ஷன் அந்த வலி ஒன்றுதான். அது ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

அலுவலகம் பினாங்கு ஸ்ட்ரீட்டில், ஒரு மசாலாக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மிளகாய் அரைக்கும் நாளில் மேலே எந்த வழக்கும் கண்ணீர் இல்லாமல் துலங்காது.

“அண்ணே, கொஞ்சம் நகர்ந்து படுங்க. கூட்டணும்” என்றாள் ருக்குமணி.

“மேல கூட்டிட்டுப் போயேன்.”

“உங்களைக் கூட்டினா அள்ளுறதுக்கு முறம் பத்தாது.”

ருக்குமணிக்கு நாற்பது வயது. பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தவள். கண் மங்கியதும் தொழிற்சாலை அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டது. அதன் முள்ளைப் பார்க்கவே அவளுக்குக் கண்ணாடி வேண்டும். வாய்க்கு மட்டும் எந்தச் சேதாரமும் இல்லை. பக்கிரிசாமி அவளை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டது அந்த வாய்க்காகத்தான் என்று அவள் சொல்லிக்கொள்வாள். குறைந்த சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை என்று அவர் சொல்வார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று கோடு விபூதி, கையில் மடித்த குடை. வந்தவர் பெயர் விநாசித்தம்பி. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. மேசைக்கு எதிரே நிற்பவனைப் பார்க்கும் பார்வை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. இங்கே மேசைக்கு எதிரே யாரும் நிற்கவில்லை, தரையில் ஒருவர் கிடந்தார் என்பதால் பார்வை சற்றுத் தடுமாறியது.

“எழும்ப ஏலாதோ?”

“வாங்க ஐயா. படுத்துக்கிட்டே நல்லாக் கேட்கும்” என்றார் பக்கிரிசாமி.

“என்ர காடியில ஏர்கோன் வேலை செய்யுதில்லை.”

ருக்குமணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “ஐயா, இங்க நாங்க ஓடிப்போன புருஷனைத் தேடுவோம். ஓடிப்போன குளிரை இதுவரைக்கும் தேடினதில்ல லா.”

“மெக்கானிக் மூண்டு தரம் பார்த்திட்டார். பிழை ஒண்டும் இல்லையாம். பிழை காடியில இல்லை. டிரைவரில.”

பிறகு அவர் விவரமாகச் சொன்னார். அலுவலகத்தில் கோப்பு தயாரித்த பழக்கம். முதலில் தேதி, பிறகு குற்றம்.

டிரைவர் பெயர் சுப்பையா. பத்தொன்பது வருடமாக வேலை. ஜாலான் பர்மா பக்கம் இருக்கும் விநாசித்தம்பியின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் மனைவியோடு குடியிருப்பு. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டான். விநாசித்தம்பி கொடுக்கவில்லை. சாமி எல்லா இடத்திலும் இருக்கிறார், காடியை ஓட்டிக்கொண்டே கும்பிடு என்றார். சுப்பையா வாதாடவில்லை. ‘சரிங்க ஐயா, சாமி பாத்துக்கும்’ என்று மட்டும் சொன்னான்.

“அது வெருட்டல். எனக்கு விளங்காதோ?” என்றார் விநாசித்தம்பி.

தைப்பூசம் கழிந்து மூன்றாவது வாரம் ஏர்கோன் மக்கர் செய்யத் தொடங்கியது. ஐந்தாவது வாரம் மகளைப் பெண் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயாரை பாலிக் புலாவுக்கு, ஜாதிக்காய்த் தோட்டம் பார்க்க அழைத்துப் போனார்கள். அந்த அம்மாளுக்கு மேட்டுப் பாதை என்றால் தலை சுற்றும். அதனால் முன்சீட். பாதி மேட்டில் ஏர்கோன் நின்றது. அந்த அம்மாளின் முகப்பவுடர் கழுத்துக்கு இறங்கியது. தோட்டத்தில் நிறுத்தித் திரும்பக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், காடிக்குள்ளிருந்து குடம் குடமாகத் தண்ணீர் அவர் காலிலும் காஞ்சிபுரப் பட்டிலும் கொட்டியது.

“ஊருக்குப் போய், ‘யோசிச்சுச் சொல்லுறம்’ எண்டு சொல்லிப்போட்டினம். கெஞ்சிக் கூத்தாடி இண்டைக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறன். அஞ்சரைக்குப் பிளேன்.”

“சுப்பையா இப்ப எங்க?” என்றார் பக்கிரிசாமி.

“திங்கட்கிழமையே நிப்பாட்டிப்போட்டன். இண்டைக்குப் பின்னேரம் அறையைக் காலி பண்ண வேணும். ஒரு பஸ் கம்பெனியில வேலை கேட்டிருக்கிறான். என்னைக் கேட்டினம். நாசகாரன் எண்டு உள்ளதைச் சொன்னன். இனிப் போலீஸ் ரிப்போர்ட் ஒண்டுதான் பாக்கி. அதுக்கு அத்தாட்சி வேணும். நாலு மணிக்கு முன்னம்.”

“அவர் செய்யலன்னு தெரிஞ்சா?”

“அப்பிடித் தெரியாது.”

பக்கிரிசாமி ஒரு கையை ஊன்றி, மறு கையால் நாற்காலியைப் பிடித்து, கப்பலில் சரக்கு ஏற்றுவது போல் தன்னைத் தவணை தவணையாக எழுப்பினார். “அந்த அம்மா மேல தண்ணியை ஊத்துறதுக்கு சுப்பையாவுக்கு எத்தனை கை இருந்துச்சு ஐயா? ரெண்டும் ஸ்டியரிங்ல இருந்திருக்குமே.”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குக் காசு” என்றார் விநாசித்தம்பி. நியாயமான பதில். அன்று முழுவதும் அவர் சொன்ன நியாயமான பேச்சு அது ஒன்றுதான்.

*

வெள்ளை நிறக் காடி கீழே நின்றிருந்தது. விநாசித்தம்பிக்கு ஓட்டத் தெரியாது. பத்தொன்பது வருடம் பின்சீட்டில் இருந்து வலது இடது சொன்னதே ஓட்டியதாகக் கணக்கு. அதனால் அவரை ஏற்றிவந்தவர் மெக்கானிக் அப்துல் ஹமீது. ஜெலுத்தோங்கில் ஏர்கோன் பட்டறை வைத்திருப்பவர். விநாசித்தம்பி டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனதும் ஹமீதின் முதுகு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

“அண்ணே, கேஸ் ஃபுல்லா இருக்கு. கம்ப்ரசர் நல்லா ஓடுது. பெல்ட்டு புதுசு. என் பட்டறையில போட்டா பல்லு கிட்டும். இவரு ஏறினா நின்னு போவுது. எனக்கு இருவத்தஞ்சு வருஷத் தொழில். காடிக்கு ஆள் அடையாளம் தெரியும்னு இப்பதான் கேள்விப்படுறேன்.”

“எவ்வளவு நேரம் போட்டுப் பாக்குறீங்க பாய்?”

“அஞ்சு நிமிஷம். ஒரு கோப்பி ஓ குடிக்கிற நேரம்.”

பக்கிரிசாமி பின்சீட்டில் குறுக்காகச் சாய்ந்தார். நேராக உட்கார இடுப்பு அனுமதி தரவில்லை. ருக்குமணி முன்னால் இடப்பக்கம் ஏறினாள். அவள் முன்னே டேஷ்போர்டின் மேல், ஓரமாக, கையளவு பித்தளைப் பிள்ளையார் ஒட்டியிருந்தார். அவர் முன்னால் ஒரு தட்டு. தட்டில் கோபுரமாக விபூதி.

“இதை ஏழு குடும்பம் பூசலாம்” என்றாள். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். “சம்பந்தம் கூடணும்னா சின்னதா வெச்சாப் பத்தாது போல.”

ஏர்கோன் சில்லென்று வீசியது. ஜாலான் பர்மா வீடு வரும்வரை ஒரு குறையும் இல்லை.

*

பின்கட்டு அறையில் சுப்பையா இரண்டு பால்டின் அட்டைப்பெட்டிகளில் பத்தொன்பது வருடத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெயிலில் கருத்த வலது முழங்கை. மனைவி பாகான் டாலாமில் தங்கை வீட்டில் இடம் கேட்கப் போயிருந்தாள்.

“தேடுறதுன்னா தேடுங்க” என்றார். எழுந்து தள்ளி நின்றார்.

தேட அதிகம் இல்லை. ஆனால் ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு ஃபியூசும், வெட்டிய ஒயர்த் துண்டும், ஒரு முழம் ரப்பர்க் குழாயும் இருந்தன. ருக்குமணி டின்னைத் திருப்பிக் காட்டினாள். “அண்ணே, தண்ணி ஊத்தக் குழாய். கரண்டை அறுக்க ஒயர். ஐயா கேட்ட அத்தாட்சி டின்னோட இருக்கு.”

பக்கிரிசாமி ஒரு ஃபியூசை எடுத்துப் பார்த்தார். “இது என்ன சுப்பையா?”

“முதத்தரம் ஏர்கோன் நின்னப்ப ஃபியூசுதான் போச்சோன்னு என் காசுல வாங்கி மாத்தினேன். பழசு அது. குழாய் வாஷருக்கு. ஒயர் ஹாரனுக்கு. டிரைவர் வூட்ல இதெல்லாம் இல்லாம மருதாணியா இருக்கும்?”

“கேள்வி கேட்டா பதில்தான் வேணும். பஞ்ச் நான் சொல்லிக்கிறேன்” என்றாள் ருக்குமணி. ஆனால் அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“நீங்க தனியா ஓட்டுறப்ப நின்னிருக்கா?” என்று கேட்டார் பக்கிரிசாமி.

“ஒரு நாளும் இல்ல.”

விநாசித்தம்பி கேட்டிருந்தால் அந்தப் பதிலை அப்படியே போலீஸ் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். நான் ஏறினால் நிற்கிறது, அவன் தனியாகப் போனால் நிற்பதில்லை. இதைவிட என்ன வேண்டும்?

“ஏன் நிக்கல?”

“போட்டாத்தானே நிக்கும்? ஐயா இல்லாதப்ப நான் போடவே மாட்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டாக் காத்து சும்மா வருது. அவரு எண்ணெய்க் காசை நான் ஏன் குளுருல விடணும்?”

பக்கிரிசாமி தலையை ஆட்டினார். “காடியை தினம் என்ன பண்ணுவீங்க?”

“கழுவுவேன். எண்ணெய், தண்ணி பாப்பேன். உள்ளாரத் துடைப்பேன்.” சற்று நிறுத்தினார். “மேல மட்டும் துடைக்கிறதில்ல. முன்னாடி துடைப்பேன். இப்ப இல்ல.”

“ஏன்?”

சுப்பையா பெட்டியின் மேல் கயிற்றைப் போட்டு இறுக்கினார். “வேணாம்னாங்க.” அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார். மணி பதினொன்று.

*

“அஞ்சு நிமிஷம் பாக்குற நோயில்ல இது” என்றார் பக்கிரிசாமி. “பாய், அன்னிக்குப் போன அதே ரோட்டுல போங்க. கண்ணாடியெல்லாம் ஏத்துங்க. ஏர்கோனை முழுசாத் திருகுங்க.”

பாயா தெருபோங் தாண்டிப் பாதை மேலே ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பக்கிரிசாமியின் இடுப்பு தன் கருத்தைத் தெரிவித்தது. பத்து நிமிடம் வரை குளிர் நன்றாக இருந்தது. இருபதாவது நிமிடம் ருக்குமணி காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தாள். இருபத்தைந்தாவது நிமிடம் இரண்டு கையையும் வைத்தாள்.

“சத்தம் மட்டும் வருது, காத்து இல்ல” என்றாள். “தேர்தல் மேடை மாதிரியே இருக்கு.”

ஹமீது திருகை இன்னும் திருகினார். உள்ளே விசிறி கத்தியது. துவாரத்தில் ஒரு காகிதத்தைப் பிடித்தால்கூட அசையவில்லை. காடிக்குள் மூன்று பேரும் வேக ஆரம்பித்தார்கள். ஹமீது ஓரமாக நிறுத்தினார். இருபத்தைந்து வருடத் தொழிலை யாரோ நடுரோட்டில் பிடித்து நிறுத்தியது போல் அவர் முகம் இருந்தது.

“ஐஸ் புடிச்சிருக்கு” என்றார் மெதுவாக. “உள்ள கூலிங் காயில்னு ஒண்ணு இருக்கு அண்ணே, தகடு தகடா. காத்து அதுக்குள்ள புகுந்துதான் குளுந்து வெளிய வரணும். காத்து சரியாப் போகலேன்னா தகட்டுல ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினா இன்னும் காத்து போகாது. கடைசில பாறைதான்.”

“அஞ்சு நிமிஷத்துல கட்டுமா?”

“கட்டாது.” ஹமீது ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார். “கோப்பி ஓ குடிக்கிற நேரத்துல கட்டாது.”

“அப்ப சுப்பையா கண்ணாடியை இறக்கிக்கிட்டுப் போனா?”

“ஏர்கோனே போடலேன்னா ஐஸ் எங்கருந்து வரும்?”

“ஆக, காடிக்கு ஆள் அடையாளம் தெரியல. பின்னால உக்காந்து முக்கா மணி நேரம் குளுரு கேக்குறவரு ஒருத்தர்தான். அவரு கேக்குறப்பல்லாம் அது உறைஞ்சு போயிருக்கு.” பக்கிரிசாமி பெருமூச்சு விட்டார். “ஏர்கோனை அணைங்க. விசிறி மட்டும் ஓடட்டும்.”

காத்திருந்தார்கள். கீழே பள்ளத்தாக்கில் யாரோ ரம்பத்தால் மரம் அறுத்தார்கள். பதினைந்தாவது நிமிடம் ருக்குமணி “ஐயோ சாமி!” என்று காலைத் தூக்கினாள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பனிக்கட்டித் தண்ணீர் அவள் ஸ்லிப்பரில் கொட்டியது. ஒரு சொம்பு, இரண்டு சொம்பு.

“மாப்பிள்ளையோட அம்மா மேல ஊத்தினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு” என்றாள். “ஐஸ் உருகி ஊத்தியிருக்கு. போலீஸ்ல ஐஸ் மேல கேஸ் போடலாமா?”

“தண்ணி வெளிய போக ஒரு குழாய் இருக்கு” என்றார் ஹமீது. “அதுவும் அடைச்சிருக்கு. அதான் உள்ள கொட்டுது.”

“எது அடைச்சிருக்கு?”

ருக்குமணி காலைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவள் கால்விரல்களில் வெயில் பட்டுக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“அண்ணே, எங்க பேக்டரியில கிளீன் ரூம்னு ஒண்ணு. உள்ள போறதுக்கு முன்னாடி மேல்பார்வை பாக்குற மண்டோர் வாசல்ல நிப்பா. பவுடர் அழி, பொட்டு அழி, விபூதி அழி. வெள்ளிக்கிழமைகூட வெறும் நெத்திதான். ஒரு சிட்டிகை உள்ள விழுந்தா ஒரு லட்சம் வெள்ளி விலையுள்ள சாமான் போயிடும்னு சொல்லுவா. நான் பதினொரு வருஷம் அவளைத் திட்டியிருக்கேன்.” டேஷ்போர்டின் மேலிருந்த தட்டைப் பார்த்தாள். “பாவி, அவ சொன்னது சரிதான்.”

மேட்டு வளைவுகளில் தட்டிலிருந்து சரிந்த விபூதி டேஷ்போர்டின் இடது ஓரத்தில் வழிந்து, கீழே காற்றை உள்ளிழுக்கும் துவாரத்தின் வாயில் கோலமாகப் படிந்திருந்தது.

பக்கிரிசாமி வலியை மறந்து முன்னால் எட்டிப் பார்த்தார். “சிமெண்டுக் கப்பல்ல மழை பெஞ்சா மூட்டை மூட்டையாக் கல்லாயிடும்” என்றார். “தூளும் ஈரமும் சேர்ந்தா எந்த தெய்வமும் காப்பாத்தாது.”

*

ஜெலுத்தோங் பட்டறையில் ஹமீது கேஸ் குழாயைத் தொடாமல், கூலிங் காயில் இருக்கும் பெட்டியின் மூடியை மட்டும் கழற்றினார். அதற்கே ஒன்றரை மணி நேரம். மூடி வந்ததும் மூவரும் எட்டிப் பார்த்தார்கள். தகடு எதுவும் தெரியவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பண்டாரத்தின் மார்பு போல், அந்தக் கூலிங் காயில் முழுக்க வெள்ளையாகப் பூசி இறுகிக் கிடந்தது. ஹமீது திருப்புளியால் நெம்பி ஒரு கட்டியை எடுத்துத் தகரத் தட்டில் போட்டார். ணங் என்றது.

“இதைச் செஞ்சது சுப்பையாவா இருக்குமா?” என்றாள் ருக்குமணி.

“இருக்கலாம்” என்றார் பக்கிரிசாமி.

“என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க!”

“தட்டு அங்க இருக்குன்னு தெரியும். யார் வெச்சதுன்னு தெரியாது. சாமி பாத்துக்கும்னு சொன்னவரு, சாமியையே வேலைக்கு வெச்சிருக்கலாம். ‘மேல மட்டும் துடைக்கிறதில்ல’ன்னாரு. ஏன்னு கேட்டா கயித்தை இறுக்குறாரு.”

ருக்குமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஹமீது பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு தகடு தகடாகக் கழுவி, மூடியைப் பூட்டி முடித்தபோது மணி மூன்றே முக்கால்.

*

விநாசித்தம்பி வாசலில் குடையோடு நடந்துகொண்டிருந்தார். பின்கட்டிலிருந்து சுப்பையா இரண்டு அட்டைப்பெட்டிகளையும் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார். தங்கை வீட்டுக்காரர் வண்டியோடு வர வேண்டும்.

பக்கிரிசாமி தகரத் தட்டை நீட்டினார். “உங்க நாசகாரன் இதோ.”

விநாசித்தம்பி கட்டியைத் தொட்டார். முகர்ந்தார். பட்டென்று கையை இழுத்துக்கொண்டார், பிறகு பழக்கத்தில் அந்தக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். விஷயத்தை ருக்குமணி நாலு வரியில் சொன்னாள். தட்டு, வளைவு, துவாரம், ஐஸ்.

“அப்ப சரி” என்றார் விநாசித்தம்பி. முகம் தெளிந்துவிட்டது. “பொம்பிளையளின்ர வேலை. இவ யோகலட்சுமிதான் பக்தி எண்டு அள்ளிக் கொட்டியிருக்கிறா.”

“நானோ?” கதவருகே குரல் கேட்டது. அவர் மனைவி யோகலட்சுமி. காதில் புதுத்தோடு, கையில் சம்பந்தி வீட்டாருக்கு வைத்த வடைத்தட்டு. “என்னை அதில தொட விட்டனீங்களோ? தைப்பூசத்துக்கு அடுத்த நாள் நீங்கள்தானே அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு வந்தியள். ‘சுப்பையா சாபம் போட்டுட்டான், காடிக்குக் காப்பு வேணும்’ எண்டு விடிய விடியப் பயந்தது ஆர்? ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி கொட்டினது ஆர்?”

விநாசித்தம்பி குடையின் பிடியைப் பார்த்தார்.

பக்கிரிசாமி சுப்பையா பக்கம் திரும்பினார். “மேல துடைக்க வேணாம்னது யாரு?”

சுப்பையா பெட்டிகளைப் பார்த்தபடியே பேசினார். “பத்தொம்போது வருஷம் நான்தான் அந்த இடத்தைத் துடைச்சேன். தட்டு வந்த மறுநாளும் துணியை எடுத்துட்டுப் போனேன். ‘உன்ர கை அதில படக்கூடாது’ன்னாரு ஐயா. வேலையாள் கை சாமித் தட்டுல படக்கூடாதாம். இதே கையால எத்தனை வருஷம் அவருக்குக் கதவு திறந்துவிட்டிருக்கேன். சரின்னு வெச்சுட்டேன்.”

“இதைக் காலையில என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“வெக்கமா இருந்துச்சு அண்ணே. அதை வாயால சொல்லணுமே.”

ருக்குமணி முதல்முறையாக அன்று ஒரு பகடியும் கிடைக்காமல் நின்றாள். பிறகு கிடைத்தது. “துடைக்கிற கையை நிறுத்திட்டு, கொட்டுற கையை விட்டுட்டீங்க. சாமி நல்லாத்தான் பாத்துருக்கு ஐயா.”

மணி நாலரை. விமானம் ஐந்தரைக்கு. விநாசித்தம்பி சட்டென்று பழைய தலைமைக் கிளார்க் ஆனார். கோப்பை மூடும் நேரம்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. சுப்பையா, அறையில இரு. சம்பளத்தில இருபது வெள்ளி கூட்டுறன். அடுத்த தைப்பூசத்துக்கு மூண்டு நாள் லீவு. பஸ் கம்பெனிக்கு நானே கதைச்சு, அது பிழையான தகவல் எண்டு சொல்லிப்போடுறன். இப்ப காடியை எடு. பிளேன் வந்திடும்.”

ஹமீது சாவியை நீட்டினார். சுப்பையா வாங்கினார். காடியில் ஏறி இயக்கினார். ஏர்கோனை முழுசாகத் திருகினார். பிறகு இறங்கிக் கதவை மெல்ல மூடிவிட்டு, காடிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

“என்ன, ஏறன்” என்றார் விநாசித்தம்பி.

“எல்லாம் குடுத்துட்டீங்க ஐயா. அறை, சம்பளம், லீவு. சந்தோஷம்.” குரல் உயரவே இல்லை. “என்னை நாசகாரன்னு சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை பாக்கி. அதைச் சொல்லுங்க. ஓட்டுறேன்.”

விநாசித்தம்பி வாயைத் திறந்தார். அவர் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் அந்த வார்த்தைக்குப் படிவம் இல்லை. “ஹமீது, நீர் ஓட்டும்” என்றார்.

“என் பட்டறையில ரெண்டு காடி காத்துக்கிட்டிருக்கு” என்றார் ஹமீது. சொல்லிவிட்டு மரத்தடியில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

விநாசித்தம்பி பக்கிரிசாமியைப் பார்த்தார். பக்கிரிசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அன்று அந்த வலி முதல்முறையாகப் பயன்பட்டது.

நாலே முக்கால். நாலு ஐம்பது. யோகலட்சுமி வடைத்தட்டோடு நின்று கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காடிக்குள் சில்லென்று காற்று வீசியது. கண்ணாடிகளில் பனித்துளி பூத்தது. உள்ளே ஆள் இல்லை.

“அண்ணே, எவ்வளவு நேரம் நிப்பாரு?” என்று கேட்டாள் ருக்குமணி.

“பத்தொன்பது வருஷம் நின்னவரு.”

விநாசித்தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சுப்பையாவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். சுப்பையாவிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஐந்து மணிக்கும் கேட்கப்படவில்லை.